ஒரு நெருப்பு, இரண்டு கணக்கு

பந்திப்பூரில் புதர் எரிந்தாலும் ஆஸ்திரேலியாவில் புல்வெளி எரிந்தாலும் வானில் சேரும் வாயு ஒன்றுதான். அதை எண்ணும் விதம் வேறு. தீ வைப்பவருக்குக் கிடைக்கும் மரியாதை இன்னும் வேறு.

2019 பிப்ரவரி 23, சனிக்கிழமை. பெங்களூர் எலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி களைகட்டியிருந்தது. அண்ணாந்து விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குப் பின்னால் திடீரென்று கரும்புகை கிளம்பியது. கார்கள் நிறுத்தியிருந்த வெட்டவெளியில் காய்ந்த புல் பற்றிக்கொண்டிருந்தது. நெருப்பு அடங்கியபோது சுமார் 300 கார்கள் எலும்புக்கூடுகளாக நின்றன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அன்று மாலை முழுவதும் தொலைக்காட்சிகளில் இதே காட்சிதான்.

அதே நாளில், அதே வெயிலில், தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால் பந்திப்பூர் புலிகள் காப்பகமும் எரிந்துகொண்டிருந்தது. கோபாலசாமி பெட்டாவின் சரிவுகளில் ஏறிய தீ, காற்றின் போக்கில் தாவித் தாவிப் பரவியது. வனக் காவலர்களும் தன்னார்வலர்களும் பச்சைத் தழைகளை ஒடித்து அடித்துப் பார்த்தார்கள். கடைசியில் விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் வாளிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீர் மொண்டுவந்து கொட்ட வேண்டியிருந்தது. தீ ஓய்ந்தபோது 10 ஆயிரம் ஏக்கருக்கு மேல் கருகியிருந்தது.

யார் வைத்த தீ, எத்தனை விலங்குகள் மாண்டன என்ற இரண்டு கேள்விகளையும் எல்லோரும் கேட்டார்கள். மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது. அதை அவ்வளவாக யாரும் கேட்கவில்லை. அந்த 10 ஆயிரம் ஏக்கரும் புகையாகப் போனபோது எத்தனை டன் வாயு வானில் ஏறியது?

கணக்கு ஒன்றும் பிரம்மவித்தை அல்ல. ஐ.நா.வின் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு (ஐ.பி.சி.சி.) 2006இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் அதற்கான சூத்திரம் இருக்கிறது. எரிந்த பரப்பு எவ்வளவு, ஒரு ஹெக்டேரில் எரியக்கூடிய உலர்ந்த பொருள் எத்தனை டன், அதில் எத்தனை பங்கு உண்மையில் எரிந்தது, எரிந்த ஒவ்வொரு கிலோவும் எந்த வாயுவை எத்தனை கிராம் வெளியிடுகிறது என்ற நான்கையும் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். விறகு எத்தனை, அடுப்பு எத்தனை நேரம் எரிந்தது என்று பார்க்கும் அடுப்படிக் கணக்குதான்.

சொந்தமாக அளந்து பார்க்காத நாடுகளுக்காக அதே நூலில் உலகச் சராசரிகளும் தரப்பட்டிருக்கின்றன. புதர்க்காடு எரிந்தால் ஹெக்டேருக்கு 14.3 டன் பொருள் தீக்கிரையாகிறது என்கிறது ஓர் அட்டவணை. ஒரு டன் எரிந்தால் 1,613 கிலோ கரியமில வாயு, 2.3 கிலோ மீதேன், 0.21 கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு வெளியாகும் என்கிறது இன்னொன்று. பின்னிரண்டின் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. நூறாண்டுக் கணக்கில் மீதேன் கரியமில வாயுவைப்போல 28 மடங்கும், நைட்ரஸ் ஆக்ஸைடு 265 மடங்கும் சூடேற்றக்கூடியவை.

பந்திப்பூரில் எரிந்தது முழுவதும் புதர்க்காடு என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அது இலையுதிர் காடு, அடியில் புதர் மண்டியிருந்த காடு. எனவே இது உத்தேசக் கணக்குத்தான். சுமார் 4 ஆயிரம் ஹெக்டேரில் 57 ஆயிரம் டன் சருகும் சுள்ளியும் புதரும். அதிலிருந்து சுமார் 92 ஆயிரம் டன் கரியமில வாயு. மீதேனையும் நைட்ரஸ் ஆக்ஸைடையும் கரியமில வாயுவின் மதிப்பில் சொன்னால் இன்னுமொரு 6,900 டன். மொத்தம் ஒரு லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவு.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. எரிந்த புல் அடுத்த மழையில் முளைத்துவிடும். முளைக்கும்போது, எரிகையில் விட்ட கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆகவே புல்வெளித் தீயில் கரியமில வாயுவைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்பது சர்வதேச மரபு. மீதேனும் நைட்ரஸ் ஆக்ஸைடும் அப்படித் திரும்பி வருவதில்லை. மீதேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வானில் தங்குகிறது, நைட்ரஸ் ஆக்ஸைடு நூறாண்டுக்கு மேல். எனவே அவற்றை மட்டும் எண்ணுகிறார்கள். ஒரு மரபுப்படி பந்திப்பூர்த் தீயின் கணக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டன். இன்னொரு மரபுப்படி 7 ஆயிரம் டன்கூட இல்லை. தீ ஒன்றுதான், கணக்கில் பதினான்கு மடங்கு வித்தியாசம். இரண்டு நாடுகளின் தீயை ஒப்பிட்டு யாராவது எண்களை வீசினால், அவை எந்த மரபில் போட்ட எண்கள் என்று முதலில் கேட்பது நல்லது.

ஆஸ்திரேலியாவின் எண்கள் தலைசுற்ற வைப்பவை. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அந்நாட்டில் மூண்ட தீ 33 உயிர்களைக் குடித்தது. 2 கோடியே 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்ததாக அதை ஆராய்ந்த ராயல் கமிஷன் சொன்னது. மிதவெப்பக் காடுகளில் மட்டும் 74 லட்சம் ஹெக்டேர் எரிந்து, சுமார் 83 கோடி டன் வாயு வெளியானதாக ஆஸ்திரேலிய அரசே 2020இல் மதிப்பிட்டது. ஆலைகள், வாகனங்கள், மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து அந்த நாடு ஓர் ஆண்டில் விடுவதே ஏறக்குறைய 53 கோடி டன்தான். நம் உத்தேசக் கணக்கில் பார்த்தால், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பந்திப்பூர்கள் ஒரே கோடையில் எரிந்ததற்குச் சமம்.

ஆனால் அந்த 83 கோடி டன் ஆஸ்திரேலியாவின் அந்த ஆண்டுக் கணக்கில் அப்படியே ஏறிவிடவில்லை. இயற்கைச் சீற்றம், மனிதக் கட்டுப்பாட்டில் இல்லாதது, காடு மீண்டும் வளர்ந்து ஈடுசெய்துவிடும் என்ற அடிப்படையில் அது தனியே வைக்கப்பட்டது. விதிகள் அதை அனுமதிக்கின்றன. தீ அடிக்கடி வந்து, காடு பழையபடி வளராமல் போனால் அந்த ஈடு எங்கிருந்து வரும் என்ற கேள்வியை விதிகள் கேட்பதில்லை.

இந்த இரு நாட்டுக் காடுகளுக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ், அதாவது நம் தைலமரம், 1790 வாக்கில் திப்பு சுல்தான் காலத்தில் பெங்களூரை அடுத்த நந்தி மலையில் நடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பின்னாளில் 'மைசூர் கம்' என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவியது அதன் ஒரு வகைதான். இருவருக்கும் பொதுவான எதிரி ஒன்றும் உண்டு. தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த லாந்தானா. தமிழ்நாட்டு வேலியோரங்களில் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் கிடக்கும் அதே உண்ணிச்செடி. 1800களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் கல்கத்தாத் தோட்டத்துக்கு அழகுச் செடியாகக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1840களில் நுழைந்தது. அங்கே கிழக்குப் பகுதியில் 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பிடித்துக்கொண்டுவிட்டது. இந்தியாவில் புலி வாழும் காடுகளை ஆராய்ந்தவர்கள் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, 1 லட்சத்து 54 ஆயிரம் சதுர கிலோமீட்டர் வனப்பரப்பில் இது மண்டிக் கிடக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பைவிட அதிகம்.

பந்திப்பூரில் தீயை அணைக்கப் போனவர்களுக்கு இந்தச் செடியை நன்றாகத் தெரியும். புல்லில் வரும் தீ முழங்கால் உயரம். தழையால் அடித்தால் அடங்கும். உண்ணிப் புதரில் ஏறும் தீயோ ஆள் உயரத்தைத் தாண்டும். கொடிபோலப் படர்ந்து மரத்தின் மேல் ஏறியிருக்கும் தண்டுகள் ஏணியாகி, தரைத் தீயை மரத்தின் தலைக்குக் கொண்டுபோகும்.

வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லேண்ட் பீடபூமியின் கதை கேட்க வேண்டியது. அங்கே மரங்கள் இடையிட்ட புல்வெளியைப் பூர்வகுடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் திட்டமிட்டுக் கொளுத்தி வந்தார்கள். மழை முடிந்து புல் பாதி காய்ந்திருக்கும்போதே, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு தீ. ஈரம் மிச்சமிருப்பதால் அது இரவுப் பனியில் தானே அணைந்துவிடும். அப்படிக் கருகிய திட்டுகள், பிறகு வரும் கடுங்கோடையில் பெருந்தீ பரவாமல் தடுக்கும் இடைவெளிகளாகும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்த மக்கள் மிஷன் குடியிருப்புகளுக்கும் ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பீடபூமியில் ஆள் இல்லை. சிறு தீ நின்றது. கோடையின் கடைசியில் மூளும் பெருந்தீ வழக்கமாயிற்று. பாறை ஓவியரும் குலப் பெரியவருமான பர்தயால் நஜமெரெக் போன்றவர்கள் ஊரைத் திரும்ப நிலத்துக்கு அழைத்துப் போக முயன்றார்கள். ஜெரெமி ரஸ்ஸல்-ஸ்மித் போன்ற விஞ்ஞானிகள் அவர்களோடு சேர்ந்து தீயை அளந்தார்கள்.

அளந்ததில் தெரிந்தது இது. ஐ.பி.சி.சி. அட்டவணையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மரங்கள் நிறைந்த புல்வெளியில் கோடையின் தொடக்கத்தில் வைக்கும் தீ, அங்கிருக்கும் எரிபொருளில் 40 சதவீதத்தைத்தான் தின்கிறது. கோடை முற்றியபின் வரும் தீ 74 சதவீதத்தைத் தின்றுவிடும். அப்படியானால் முன்கூட்டியே எரித்தால் வாயு குறையும். குறைந்த வாயுவுக்கு விலை உண்டு.

விலை கொடுக்க முன்வந்தது, வேடிக்கைதான், ஓர் எரிவாயு நிறுவனம். டார்வின் நகரில் இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கி ஏற்றுமதி செய்யும் ஆலையின் மாசுக்கு ஈடாக, ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வீதம் 17 ஆண்டுகளுக்குத் தர கோனோகோ பிலிப்ஸ் ஒப்புக்கொண்டது. 2006இல் சுமார் 28 ஆயிரம் சதுர கிலோமீட்டரில் திட்டம் முழுமூச்சாக நடக்கத் தொடங்கியது. முதல் 7 ஆண்டுகளில் மீதேனும் நைட்ரஸ் ஆக்ஸைடும் முந்தைய பத்தாண்டுச் சராசரியைவிட சுமார் 38 சதவீதம் குறைந்தன. தீயே இல்லாமல் போய்விடவில்லை. வந்த தீயின் பருவம் மாறியது, அவ்வளவுதான். 2012இல் ஆஸ்திரேலிய அரசு இதைச் சட்டபூர்வமான கார்பன் வரவுக்குரிய முறையாக ஏற்றது. பூர்வகுடி இளைஞர்கள் சம்பளம் வாங்கும் வனக்காவலர்களாக ஹெலிகாப்டரிலிருந்தும் நடந்துபோயும் தீ வைக்கிறார்கள்.

பந்திப்பூருக்குக் கிழக்கே, அதே சாமராஜநகர் மாவட்டத்தில், பிளிகிரி ரங்கன் மலை. சோளகர்களின் மலை. அவர்களிடமும் இதே வழக்கம் இருந்தது. பெயர் 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ. தை, மாசியில், காடு முழுதும் காய்வதற்கு முன், தரையில் கிடக்கும் சருகை மட்டும் மெல்லக் கொளுத்திவிடுவார்கள். புதுப் புல் முளைக்கும், நடக்கப் பாதை தெரியும். அவர்கள் சொல்லும் இன்னொரு காரணம் கவனிக்கத்தக்கது. நெல்லி மரங்களில் ஒட்டி வளர்ந்து அவற்றை உறிஞ்சும் புல்லுருவியை இந்தத் தீ அண்டவிடாது. நெல்லிக்காய் அவர்களுக்கு வருமானம். தினை விதைக்கக் குறிஞ்சி நிலத்தார் புனத்தைச் சுட்ட செய்தியைச் சங்கப் பாடல்களில் படித்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது.

1974இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயமானது. தீ குற்றமானது. 1927இன் இந்திய வனச் சட்டமும் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கின்றன: காட்டில் நெருப்பு வைப்பவர் தண்டனைக்குரியவர். எந்த மாதத்தில், எந்தச் சருகில், என்ன நோக்கத்தில் என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏட்ரீ ஆராய்ச்சி நிறுவனத்தினர் பதிவு செய்திருக்கிறார்கள். சுமார் 540 சதுர கிலோமீட்டர் மலைப்பரப்பில் 1997இல் ஆய்வு செய்த இடங்களில் 41 சதவீதத்தில் உண்ணிச்செடி இருந்தது. 2008இல் அதே பரப்பில் 81 சதவீதம். பரத் சுந்தரம், அங்கிலா ஹிரேமத் ஆகியோரின் ஆய்வு அது. சருகுத் தீயை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி இப்படி ஏறியது என்பது சோளகர்களின் வாதம். இளஞ்செடியையும் விதையையும் அந்தத் தீ சுட்டுவிடும் என்கிறார்கள்.

விஞ்ஞானிகள் பலகாலம் நேர்மாறாக நினைத்திருந்தார்கள்: தீ வந்த வெற்றிடத்தில்தான் லாந்தானா புகுகிறது, புகுந்த லாந்தானா அடுத்த தீயைப் பெரிதாக்குகிறது, இது ஒரு சுழல் என்று. இதே ஹிரேமத்தும் சுந்தரமும் 2005இல் இந்தச் சுழலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இரண்டில் எது சரி? இரண்டும் இருக்கலாம். செடி அபூர்வமாக இருந்த காலத்தில் மெல்லிய தீ அதை அடக்கியிருக்கும். புதராக மண்டிவிட்டபின் மெல்லிய தீ என்று ஒன்று அங்கே சாத்தியமே இல்லை. வைத்தால் பெருந்தீதான். ஆர்னம் லேண்ட் முறையை அப்படியே பந்திப்பூரில் இறக்க நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது. அங்கே எரிவது உள்ளூர்ப் புல். இங்கே முதலில் புதரை வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கியதை என்ன செய்வது என்பதற்குச் சில விடைகள் இருக்கின்றன. மலைமக்கள் அதன் தண்டில் மேசை நாற்காலி முடைகிறார்கள். நீலகிரிப் பக்கம் அவர்கள் முடைந்த ஆள் உயர யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் ஊர்வலமாக நின்றன. எரிந்து புகையாகியிருக்க வேண்டிய கார்பன் யானையாகிக் கடல் கடந்தது நல்ல செய்திதான். ஆனால் 1 லட்சத்து 54 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு யானைகள் போதாது.

முதுமலையில் நிலைமை எண்களாகவே இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமார், நரேந்திரன் கோடண்டபாணி உள்ளிட்டோர் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1909 முதல் 1921 வரை அங்கே ஓர் இடத்தில் சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை தீ வந்தது. 1989 முதல் 2002 வரை 3.3 ஆண்டுக்கு ஒருமுறை. மூன்றாண்டுக்கு ஒருமுறை தலை கருகும் தேக்கங்கன்றும் வேங்கைக்கன்றும் எப்போது மரமாகும்? புல் முளைத்துவிடும், கணக்கு நேராகிவிடும் என்ற மரபு இங்கேதான் இடிக்கிறது. வராமல் போன மரத்துக்கு எந்தப் பட்டியலிலும் வரி இல்லை.

இந்தியக் கணக்கிலும் வனத் தீக்கு இடம் உண்டு. ஐ.நா.வுக்கு அனுப்பும் அறிக்கையில் காட்டில் எரியும் பொருளுக்கென்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியா தன் புல்வெளிகளில் பருவம் பருவமாக, நிலவகை நிலவகையாக அளந்து சொந்த எண்களை வைத்திருக்கிறது. இந்தியக் கணக்கு பெருமளவும் வழிகாட்டி நூலின் பொது எண்களைச் சார்ந்தது. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் உதவியோடு தீ எச்சரிக்கைகளை அனுப்புகிறது. 2020 நவம்பர் முதல் 2021 ஜூன் வரை மட்டும் அது பதிந்த தீப்புள்ளிகள் 3,45,989. ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கை பரப்பாகாது, பரப்பு டன்னாகாது. செயற்கைக்கோளின் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம். மரநிழலில் ஊர்ந்துபோகும் சருகுத் தீ அதன் கண்ணில் படாமலே போகலாம். உண்ணிப் புதர் எரிந்தால் ஹெக்டேருக்கு எத்தனை டன், அது கொழுந்துவிட்டு எரிகிறதா, கங்காகப் புகைகிறதா என்பதைத் தரையில் போய்த்தான் பார்க்க வேண்டும். புகையும்போதுதான் மீதேன் கூடுதலாக வரும்.

இதற்கெல்லாம் என்ன அவசரம் என்று கேட்கலாம். இந்தியா 2020இல் வெளியிட்ட பசுமை இல்ல வாயுக்கள் ஏறக்குறைய 296 கோடி டன். அதில் பந்திப்பூரின் ஒரு லட்சம் தூசு. ஆனால் அதே ஆண்டு காடும் நிலமும் 52 கோடி டன்னை உறிஞ்சியதாக அரசு கணக்குக் காட்டியிருக்கிறது. பாரிஸ் உடன்பாட்டை ஒட்டி, 2030க்குள் காடு, மரங்கள் மூலம் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் வரை உறிஞ்சவைப்போம் என்றும் உலகுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய காட்டில்தான் மூன்றாண்டுக்கு ஒருமுறை தீ. 2023இல் நாட்டின் கார்பன் சந்தைக்கான திட்டத்தையும் மத்திய அரசு அறிவித்தது. காட்டின் கார்பனுக்கு விலை வரும் காலத்தில் அந்த விலை யார் கைக்குப் போகும் என்பது சின்ன விஷயமல்ல.

தீ வெறும் எண் சமாச்சாரமும் அல்ல. 2017 பிப்ரவரியில் பந்திப்பூரில் தீயணைக்கப் போன வனக்காவலர் ஒருவர் கருகி மாண்டார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல் சரிவில் சிக்கிய மலையேற்றக் குழுவினர் 23 பேர் இறந்தார்கள். இரண்டு சம்பவத்திலும் எரிந்தது நெடுமரமல்ல; புல்லும் புதரும்தான் பெரும்பகுதி.

2011இல் பிளிகிரி ரங்கன் மலை புலிகள் காப்பகமாயிற்று. அதே ஆண்டு, வன உரிமைச் சட்டத்தின்கீழ் அங்குள்ள சோளகர் கிராமசபைகளுக்குச் சமூக வன உரிமைகளும் கிடைத்தன. தேன் எடுக்கலாம், நெல்லி பொறுக்கலாம். தரகு பெங்கி அந்தப் பட்டியலில் வரவில்லை.

வனத்துறை மட்டும் தீ வைக்கிறது. ஒவ்வொரு கோடைக்கு முன்பும் பாதையோரப் புல்லை வெட்டிக் கொளுத்தித் 'தீக்கோடு' போடுகிறார்கள். பெருந்தீ வந்தால் அந்தக் கருகிய பட்டையைத் தாண்டாது என்பது எதிர்பார்ப்பு. தத்துவம் ஆர்னம் லேண்டில் உள்ளதுதான், அகலம்தான் குறைவு. அந்த வேலைக்குப் பருவகாலக் கூலிகளாகவும் தீக் காவலாளிகளாகவும் வருபவர்களில் கணிசமானோர் மலைமக்கள். தாத்தா காலத்தில் சருகுக்கு நெருப்பு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், மாசி வெயிலில், கையில் பச்சைத் தழையோடு புகை எழும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.